யாழ்ப்பாணத்து வெயிலுக்கு ஒரு வீடு

சக்திச் சிக்கனமான வீடு என்றதும் பலருக்கு முதலில் ஞாபகம் வருவது கூரையில் பூட்டிய சோலார் பலகை. அடுத்தது எல்.ஈ.டி. பல்ப். இரண்டும் நல்லவைதான். ஆனால் அவற்றைக் குடிபூரலுக்குப் பிறகும் ஆறுதலாக வாங்கிப் பூட்டலாம். வீட்டின் நீளச் சுவர் எந்தத் திசையைப் பார்ப்பது, கூரையை எதால் போடுவது, யன்னல் எங்கே வருவது என்பவற்றைப் பிறகு வாங்க முடியாது. பிளான் கீறும்போது அவற்றை மாற்ற ஒரு அழிறப்பர் போதும். அத்திவாரம் வெட்டிய பிறகு காசு கொட்டினாலும் மாறாது. அதனால் இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி பிளான் கீறும் நாட்களைப் பற்றித்தான்.

வீடு ஒன்று இரண்டு விதமாகச் சக்தியைத் தின்கிறது. சீமெந்து, கம்பி, ஓடு, கல் எல்லாவற்றையும் செய்யவும் லொறியில் ஏற்றி இறக்கவும் செலவாகும் சக்தி ஒன்று. கட்டி முடியும்போது அந்தக் கணக்கில் பெரும்பகுதி முடிந்துவிடும். மற்றது, குடியிருக்கும் காலம் முழுக்க மாதாமாதம் பில்லாக வருவது: ஃபான், ஏசி, லைட், ஃபிரிட்ஜ், கிணற்று மோட்டார். குளிர் நாடுகளில் சக்திச் சிக்கனம் என்றால் வீட்டுக்குள் இருக்கும் சூட்டை வெளியே போகவிடாமல் பிடித்து வைப்பது. எங்களுக்கு வேலை நேர்மாறானது. சூட்டை உள்ளே விடக்கூடாது, வந்துவிட்டதைச் சீக்கிரம் வெளியேற்ற வேண்டும். கனடாவிலிருந்து அண்ணா அனுப்பிய வீட்டுப் படத்தை அப்படியே இங்கே கட்டினால் வரும் சிக்கல் இதுதான். பெரிய கண்ணாடி, தாவாரம் இல்லாத சுவர், இறுக்கி மூடும் யன்னல் எல்லாம் அங்கே காரணத்தோடு வந்தவை. இங்கே அந்த வீட்டில் ஏசி இல்லாமல் இருக்க ஏலாது.

வெயில் எங்கேயிருந்து விழுகிறது

யாழ்ப்பாணம் பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறக்குறைய 9.7 பாகையில் இருக்கிறது. ஏப்ரல் நடுப்பகுதியிலும் ஓகஸ்ட் கடைசியிலும் மத்தியானச் சூரியன் நேரே உச்சந்தலைக்கு மேலே நிற்கும். அந்த இரண்டுக்கும் இடைப்பட்ட நாலரை மாதம் அது உச்சிக்குச் சற்று வடக்கே போகும். மற்ற மாதங்களில் தெற்கே. மார்கழியில்தான் தெற்கே அதிகம் சாயும்.

இதிலிருந்து வீட்டுக்கு என்ன தெரிகிறது? ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். யன்னலுக்கு மேலே தாவாரம் 2 அடி வெளியே நீட்டியிருக்கிறது என்று வையுங்கள். ஜூனில் வடக்குச் சுவரில் மத்தியானம் அந்தத் தாவாரத்தின் நிழல் 8 அடிக்குக் கீழே இறங்கும். முழுச் சுவருக்கும் கிட்டத்தட்ட அது போதும். டிசம்பரில் தெற்குச் சுவரில் 3 அடி நிழல் விழும். யன்னலின் பெரும்பகுதி தப்பிவிடும், அது வெக்கை குறைந்த காலமும்கூட. ஆனால் ஏப்ரலில் பின்னேரம் 4 மணிக்கு மேற்குச் சுவரில் அதே 2 அடித் தாவாரத்தின் நிழல் ஓர் அடிக்குச் சற்று மேல்தான். வெயில் சரிந்து நேரே உள்ளே வரும். காலையில் கிழக்குச் சுவருக்கும் இதே கதைதான். என்றாலும் காலையில் வீடு இரவு ஆறியபடி இருக்கும், பின்னேரம் ஏற்கெனவே சூடேறி இருக்கும். அதனால் மேற்கு வெயில்தான் கூடாதது.

ஆகவே வீட்டின் நீளத்தைக் கிழக்கு மேற்காகப் போட்டு, நீளச் சுவர்கள் வடக்கையும் தெற்கையும் பார்க்கவிட்டு, யன்னல்களை அந்த இரண்டு சுவரிலும் வைக்க வேண்டும். புத்தகத்தில் எழுத இது சுகம். சீதனமாகப் பிரித்துக் கொடுத்த 2 பரப்புக் காணியில் ஒழுங்கை எந்தப் பக்கமோ வாசலும் அந்தப் பக்கம், வேலிக்கு அங்காலே மாமா வீடு என்று இருக்கும்போது திசையைத் திருப்ப இடம் கிடைக்காது. அப்படியானால் மேற்குப் பக்கத்தில் ஆட்கள் இருக்காத, படுக்காத இடங்களைக் கொண்டுபோய் வையுங்கள். குளியலறை, களஞ்சிய அறை, மாடிப்படி, வாகனம் விடும் கொட்டகை எதுவும் சரி. அதுவும் முடியாவிட்டால் மேற்கே 5, 6 அடி அகலத்தில் ஒரு விறாந்தை. சுவர் வெயிலையே காணாது.

வாஸ்து பார்ப்பவர்களுக்கு இங்கே ஒரு முடிச்சு இருக்கிறது. அக்கினி மூலையில் குசினி வைக்கச் சொல்வதில் எனக்குப் பிணக்கில்லை. தென்மேற்கிலிருந்து அடிக்கும் காற்று தென்கிழக்கு மூலையில் இருக்கும் அடுப்பின் சூட்டையும் புகையையும் வீட்டுக்குள் தள்ளாமல் வெளியே கொண்டுபோகும். கன்னிமூலையில் குடும்பத் தலைவரின் படுக்கையறை என்பதுதான் இடிக்கும். தென்மேற்கு மூலைக்குப் பின்னேர வெயில் முழுவதும் வரும். ஐயரோடு சண்டை பிடிக்கத் தேவையில்லை. அந்த அறையை அங்கேயே வைத்து, மேற்குச் சுவரில் யன்னல் விடாமல் தெற்குச் சுவரில் விட்டு, வெளியே ஒரு வேம்பையோ பூவரசையோ நட்டால் இரண்டு பேருக்கும் சம்மதம்.

கூரை: இங்கேதான் காசைப் போட வேண்டும்

முழு வீட்டிலும் அதிகம் வெயில் படுவது கூரைதான். தெளிவான ஏப்ரல் மத்தியானத்தில் ஒரு சதுர மீற்றரில் ஏறக்குறைய 1000 வாட் வெயில் விழும். 1200 சதுர அடிக் கூரை என்பது 110 சதுர மீற்றர் அளவு. அதாவது 1000 வாட் அயன் பெட்டிகள் நூற்றுக்கு மேல் ஒரே நேரத்தில் உங்கள் தலைக்கு மேலே சுட்டுக்கொண்டிருக்கின்றன. அதில் எவ்வளவு உள்ளே வருகிறது என்பது கூரையின் பொருளையும் நிறத்தையும் பொறுத்தது.

ஓட்டுக் கூரை மெல்லியது. சீக்கிரம் சுடும், பொழுதுபட்டதும் சீக்கிரம் ஆறும். ஓட்டுக்கும் ஓட்டுக்கும் இடையிலுள்ள நீக்கலால் மேலே ஏறிய சூட்டுக் காற்று வெளியே போய்விடும். கொங்கிறீற் தட்டு அப்படியல்ல. அது பகல் முழுக்கச் சூட்டை உள்ளே வாங்கி வைத்துக்கொண்டு, நீங்கள் படுக்கப் போகும் நேரம் பார்த்துக் கீழே விடும். இரவு 8 மணிக்கு ஒரு மேசையில் ஏறி அந்தத் தட்டின் அடிப்பக்கத்தில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். வெளியே வளவில் காற்று ஆறியிருக்கும், கைக்கு மேலே தட்டு இன்னும் சுடும். ஃபான் போட்டால் அந்தத் தட்டுக்குக் கீழே தங்கிய சூட்டுக் காற்றைத்தான் அது உங்கள் மேல் இறக்கும்.

அப்படியிருந்தும் எல்லோரும் ஏன் கொங்கிறீற் போடுகிறார்கள்? மேசனார் சொல்லும் காரணம் ஒன்று: "இப்ப கொங்கிறீற் போட்டு விடுங்கோ தம்பி, பிறகு மேலே ரெண்டு அறை எடுக்கலாம்." எடுக்கப்படாத அந்த இரண்டு அறைகளுக்காகக் கீழே இருப்பவர்கள் வருடக்கணக்கில் வேர்த்துக்கொண்டு படுக்கும் வீடுகள் வலிகாமத்தில் ஒழுங்கைக்கு ஒழுங்கை இருக்கின்றன. மேல்மாடி கட்டுவது உறுதி என்றால் சரி, போடுங்கள். இல்லையென்றால் உயர்த்திய முகட்டோடு ஓட்டுக் கூரையே போதும்.

தட்டு ஏற்கெனவே போட்டாயிற்று என்றாலும் வழி உண்டு. மேலே வெள்ளை பூசுவதுதான் ஆகக் குறைந்த செலவு. புதிய வெள்ளைப் பூச்சு தன்மேல் விழும் வெயிலில் முக்கால்வாசி அளவைத் திருப்பி அனுப்பிவிடும், பாசி பிடித்துக் கறுத்த கொங்கிறீற் பெரும்பகுதியை விழுங்கும். நீற்றிய சுண்ணாம்பு பூசினாலும் வேலை செய்யும், ஆனால் ஒவ்வொரு மாரிக்குப் பிறகும் திரும்பப் பூச வேண்டியிருக்கும். அதைவிட நல்லது, தட்டுக்கு மேலே ஓர் அடி இடைவெளி விட்டு வேறொன்றால் நிழல் கொடுப்பது. சோலார் பலகையை உயர்த்திப் பூட்டினால் அந்த வேலையும் சேர்ந்து நடக்கும்.

அஸ்பெஸ்ரஸ் சீற் விலை குறைவுதான். வெட்டும்போதும் உடையும்போதும் வரும் அதன் தூசு நுரையீரலுக்குள் போனால் புற்றுநோய் வரை கொண்டுபோகும். குடும்பம் இருக்கும் வீட்டுக்கு நான் சொல்லமாட்டேன்.

தாவாரத்தை நீட்டினால் நிழல் விழும் என்று மேலே கணக்குப் பார்த்தோம். நீட்டுவதற்கு ஓர் எல்லை உண்டு. கார்த்திகை, மார்கழியில் வங்காள விரிகுடாவில் எழும் புயல் தாவாரத்தைப் பிடித்துத்தான் கூரையைக் கிளப்பும். 2, 3 அடிக்கு மேல் நீட்டுவதானால் தூண் வைத்து விறாந்தையாக்கிவிடுங்கள். கைமரங்களைச் சுவரின் மேல் சுற்றிவரப் போடும் கொங்கிறீற் வளையத்தோடு இரும்புப் பட்டி போட்டு இறுக்கச் சொல்லுங்கள்.

காற்றும் நுளம்பும்

மே மாதம் தொடங்கிச் செப்டெம்பர் வரை சோழகம் தென்மேற்கிலிருந்து பலமாக அடிக்கும். மாரி தொடங்கினால் வாடை வடகிழக்கிலிருந்து வரும். தைப்பொங்கலுக்கு வல்வெட்டித்துறையில் பட்டம் ஏறுவது அந்த வாடையில்தான். அறை ஒன்றின் தெற்கிலோ மேற்கிலோ ஒரு திறப்பும், எதிரே வடக்கிலோ கிழக்கிலோ இன்னொன்றும் இருந்தால் இரண்டு காற்றும் ஊடறுத்துப் போகும். ஒரே சுவரில் இரண்டு யன்னல் வைத்தால் காற்று சரியாக உள்ளே வராது, வெளியேற வழியில்லாத இடத்துக்குள் அது நன்றாக நுழையாது. மற்றப் பக்கம் விறாந்தையோ நடையோ இருந்தால் கதவுக்கு மேலே ஒரு காற்றுக்கண் விட்டாலும் போதும்.

மார்ச் கடைசியிலும் ஏப்ரலிலும் இந்த இரண்டு காற்றும் இருக்காது. சூரியன் உச்சியில் நிற்கும் அதே மாதத்தில் இலை அசையாது. யாழ்ப்பாணத்து வீட்டுக்கு உண்மையான பரீட்சை அந்த ஆறு கிழமையும்தான். காற்று வராதபோது சூடு தானாக மேலே ஏறிப் போக வழி வேண்டும். உயர்ந்த முகடு, முகட்டுக்குக் கீழே இரண்டு பக்கச் சுவரிலும் காற்றுக்கண், நடுவில் ஒரு முற்றம். பழைய நாற்சார் வீடுகளில் இது எல்லாமே இருந்தது. 1990களில் யாழ்ப்பாணம் வருடக்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்தபோது ஃபானே இல்லாமல் அந்த வீடுகளில் சனம் இருந்தது. இன்று 2 பரப்புக்குள் முழு நாற்சார் கட்ட இடம் வராது. 8 அடிக்கு 8 அடியில் வானம் பார்த்த ஒரு சிறு முற்றம், அதைச் சுற்றிக் கூடமும் சாப்பாட்டு அறையும் என்றால் வரும்.

இவ்வளவும் செய்தும் பொழுதுபட்டதும் எல்லா யன்னலையும் இழுத்துச் சாத்திவிடுவார்கள். காரணம் நுளம்பு. மழைக்குப் பிறகு டெங்குப் பயம் வேறு. காற்றுக்கு மிகவும் தேவையான நேரத்தில் வீடு மூடிக்கிடந்தால் மற்றக் கணக்கெல்லாம் வீண். அதனால் யன்னல் போடும்போதே நுளம்பு வலையையும் சேர்த்துப் போட வேண்டும். வலை காற்றில் ஒரு பகுதியை மறிக்கும் என்பதால் யன்னலைக் கொஞ்சம் பெரிதாக வையுங்கள். இப்போது எல்லோரும் போடும் அலுமினியச் சறுக்கு யன்னலில் எப்போதும் பாதிதான் திறக்கும், 4 அடி யன்னலுக்குக் காசு கொடுத்து 2 அடிக் காற்று வாங்குகிறோம். பழையபடி வெளியே திறக்கும் மரக் கதவு யன்னலில் முழுதும் திறக்கும். கள்ளன் பயத்துக்கு இரும்புக் கம்பி போட்டுக்கொள்ளலாம்.

எதைக் கொண்டு கட்டுவது

சீமெந்து செய்யச் சுண்ணக்கல்லை ஏறக்குறைய 1450 பாகை செல்சியஸ் வரை சூடாக்குகிறார்கள். எரிபொருளின் புகை ஒருபுறம் இருக்க, கல்லே சிதைந்து கரியமில வாயுவை விடும். உலகம் முழுவதும் மனிதர் வெளிவிடும் கரியமில வாயுவில் 8 சதவீதத்துக்குக் கிட்ட சீமெந்தால் வருகிறது. எங்களுக்கு இது தூரத்துச் செய்தி அல்ல. காங்கேசன்துறைத் தொழிற்சாலை 1950 முதல் 1990 வரை ஓடியது. அதற்காகச் சுண்ணக்கல் கிண்டிய கிடங்குகள் அந்தப் பக்கத்தில் இன்றும் கிடக்கின்றன. குடிநீர் தேங்கி நிற்பதும் அதே சுண்ணக்கல்லுக்குள்தான்.

சீமெந்தே இல்லாமல் கட்டுங்கள் என்று நான் சொல்லவரவில்லை. அத்திவாரம், வளையம், தூண் இவற்றுக்குப் போடுங்கள். சுவருக்கு மண்ணழுத்தக் கல் ஒரு நல்ல தெரிவு. மணல் கலந்த மண்ணோடு 5 முதல் 8 சதவீதம் சீமெந்து சேர்த்து இயந்திரத்தில் அழுத்தி, சூளையில் வைக்காமல் நிழலில் நனைத்து ஆறவிட்டு எடுப்பது அது. ஆனால் சிவலைமண் நல்லாய்ப் பிடிக்கும் என்று தோட்டக் காணியை வெட்டாதீர்கள். கோண்டாவிலிலும் உரும்பிராயிலும் வெங்காயமும் புகையிலையும் விளைவது சுண்ணக்கல்லுக்கு மேலே கிடக்கும் அந்தச் சில அடி மண்ணில்தான், போனால் திரும்ப வராது. அத்திவாரம் வெட்டிய மண்ணும் மலக்குழி வெட்டிய மண்ணும் போதும் அளவுக்குத்தான் கல். மிச்சச் சுவரை வழக்கமான சீமெந்துக் கல்லில் கட்டி வெளிர் நிறம் அடித்து நிழலில் வைத்தால் பெரிய வித்தியாசம் தெரியாது. சுவர் எதால் ஆனது என்பதைவிட அதில் வெயில் படுகிறதா என்பதே முக்கியம்.

பழைய வீடுகளின் ஒன்றரை அடிச் சுவர்களில் முருகைக்கல் இருக்கும். கடலுக்குள் அதைக் கிண்டுவது இன்று சட்டப்படி குற்றம். கரை அரிப்பதைத் தடுத்து நிற்பதும் கடலுக்குள் இருக்கும் அந்த முருகைக்கல் பார்தான்.

மரத்துக்குப் பனையை மிஞ்ச எதுவும் இல்லை. வைரம் பாய்ந்த பனஞ்சிலாகை நனையாமல் இருந்தால் இரண்டு தலைமுறைக்கு நிற்கும். போரில் அழிந்த பனைகளை நினைத்தால் புதிதாகத் தறிக்க மனம் வராது, அனுமதியும் எடுக்க வேண்டும். அதனால் நான் முதலில் போய்ப் பார்க்கச் சொல்வது பழைய வீடு இடிக்கும் இடங்களை. பனந்தீராந்தி, முதிரைக் கதவு, பாலை நிலை, பழைய ஓடு எல்லாம் அங்கே கிடைக்கும். ஓட்டைக் கையில் எடுத்து விரலால் சுண்டிப் பாருங்கள். கிணீர் என்றால் நல்லது, மந்தமாகக் கேட்டால் வெடிப்பு. புதிய ஓடு புத்தளம் மாவட்டத்துத் தங்கொட்டுவப் பக்கத்திலிருந்து லொறி ஏறி வர வேண்டியது, பழையது பக்கத்து ஊரில் இருந்து வரும். ஓடாவியாருக்கு வேலை கொஞ்சம் கூடும், கூலியும் கூடும்.

இன்னொன்று, சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். வீட்டைச் சின்னதாகக் கட்டுங்கள். அம்மாவும் அப்பாவும் மட்டும் இருக்கும் வீட்டுக்குப் பூட்டியபடி கிடக்கும் மேல்மாடி எதற்கு? கட்டாத அறைக்குச் சீமெந்தும் இல்லை, ஃபானும் இல்லை, தூசு தட்டும் வேலையும் இல்லை.

கடைசியில் கருவிகள்

வழக்கமான கூரை ஃபான் 75 வாட் எடுக்கும். புதிய பி.எல்.டி.சி. (கரண்ட் குறைவாக எடுக்கும் மோட்டார் பூட்டிய) ஃபான் 30 வாட் அளவில் அதே காற்றைத் தரும். இரவு 10 மணித்தியாலம் ஓடினால் முதலாவதுக்கு 0.75 யூனிற், இரண்டாவதுக்கு 0.3. படுக்கையறை ஏசி ஒன்று ஓர் இரவில் 5 யூனிற்றுக்கு மேல் தின்னலாம். இலங்கையில் யூனிற் கூடக் கூட ஒவ்வொரு யூனிற்றின் விலையும் ஏறும் என்பதால் ஏசியின் கடைசி யூனிற்றுகள்தான் பில்லில் ஆகக் கடுமையானவை. நிழலில் நிற்கும் வீட்டிலும் வயதானவர்களுக்காக ஓர் அறைக்கு ஏசி வேண்டும் என்றால் போடுங்கள். அந்த ஓர் அறைக்கு மட்டும் கூரைக்குக் கீழே சீலிங் அடித்து, நீக்கல்களை அடைத்துவிடுங்கள். ஃபிரிட்ஜை அடுப்புக்குப் பக்கத்திலும் மேற்குச் சுவரோடும் வைக்காமல் பின்னால் நாலு விரல் இடம் விடுங்கள்.

தண்ணீரும் இந்தக் கணக்குக்குள் வரும். யாழ்ப்பாணத்தில் வருடம் முழுக்க ஓடும் ஆறு இல்லை. வருடத்துக்கு 1200 மில்லிமீற்றர் அளவில் பெய்யும் மழையில் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டிவிடும். 110 சதுர மீற்றர் கூரையில் விழுவது ஒரு வருடத்துக்கு ஏறக்குறைய 1,30,000 லீற்றர். முழுவதையும் சேர்க்கத் தாங்கி கட்ட ஏலாது. 5,000 லீற்றர் தாங்கி ஒன்றை நிரப்பிச் சமையலுக்கும் குடிக்கவும் வைத்துக்கொண்டு, மிச்சத்தைக் கல்லும் மணலும் போட்ட குழி ஒன்றால் நிலத்துக்குள் விடுங்கள். முதல் மழையின் அழுக்குத் தண்ணீரை வெளியே விட்டபின் சேர்க்க வேண்டும். அஸ்பெஸ்ரஸ் கூரைத் தண்ணீரைக் குடிக்க எடுக்காதீர்கள். மலக்குழியைக் கிணற்றிலிருந்து காணி விடும் அளவுக்குத் தள்ளி வையுங்கள், உங்கள் கிணற்றிலிருந்து மட்டுமல்ல, பக்கத்து வீட்டுக் கிணற்றிலிருந்தும். சுண்ணக்கல் வெடிப்புக்குள் எது எங்கே போகும் என்று மேலே நின்று சொல்ல முடியாது.

இனிச் சோலார். யாழ்ப்பாண வெயிலில் 1 கிலோவாட் பலகை சராசரியாக நாளுக்கு 4 யூனிற் அளவு தரும். மேலே சொன்னபடி கட்டிய வீட்டுக்கு ஏசி இல்லாமல் 2 கிலோவாட் தாராளம், வெக்கை வீட்டுக்கு 5 போட்டாலும் போதாமல் போகலாம். 2016இல் கூரைச் சோலாரை ஊக்குவிக்கும் அரசின் சூரிய பல சங்கிராமத் திட்டம் வந்தபிறகு மின்சார சபைக்கு விற்கும் வழிகள் கூடின. விலையும் நிபந்தனையும் அடிக்கடி மாறுவதால் கையெழுத்து வைக்கும் மாதத்து நிலவரத்தை மட்டும் நம்புங்கள். பலருக்குத் தெரியாத ஒன்று, மின்சார சபை வயரோடு மட்டும் இணைத்த சாதாரண சோலார், லைன் கரண்ட் நின்றதும் தானும் நின்றுவிடும். வயரில் வேலை செய்பவருக்குக் கரண்ட் அடிக்காமல் இருக்க அப்படி வைத்திருக்கிறார்கள். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டியபோது கூரை நிறையப் பலகை வைத்திருந்தவர்களும் இருட்டில் இருந்தது அதனால்தான். அந்த நேரத்திலும் வேண்டுமென்றால் பற்றரியும் அதற்கேற்ற இன்வேர்ட்டரும் தேவை, செலவு நன்றாக ஏறும்.

பலகையைத் தெற்கே பார்க்க 10 பாகை சாய்வில் பூட்டச் சொல்லுங்கள். அந்தச் சாய்வில் மழையே தூசைக் கழுவிவிடும். எங்கள் கடற்காற்றில் சாதாரண இரும்பு ஆணி சில வருடத்தில் துருவாகிவிடும். அலுமினியச் சட்டமும் துருப்பிடிக்காத எஃகு ஆணியும் போடுகிறார்களா என்று பூட்டும் அன்றைக்கே ஏறிப் பாருங்கள். ஒரு பலகையில் நிழல் விழுந்தாலும் அதோடு தொடராக இணைத்த மற்றவற்றின் வலுவும் இறங்கும், அதனால் மேற்கே நட்ட வேம்பு வளர்ந்தபின் அதன் பின்னேர நிழல் எதுவரை வரும் என்று இப்போதே பார்த்து அந்தப் பகுதியை விட்டுப் பூட்டுங்கள். இடம் போதாவிட்டால் ஒரு பலகையைக் குறையுங்கள், மரத்தைத் தறிக்காதீர்கள்.